பார்வை மூணு, பொண்ணு ஒண்ணு

முத்தலாங்குடி ஆளுங்க முட்டாளுங்கன்னு சுத்துப்பட்டு ஊர்க்காரங்க பேசிக்கிறதுண்டு. அதை அப்படியே நம்பிரக் கூடாது. அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்குச் சுத்துப்பட்டுல யாருக்கு வெவரம் இருக்கு?

அந்த ஊருல சோணமுத்துன்னு ஒருத்தன். வயசு முப்பத்தாறு. சொந்தமா ஒரு டிராக்டர், ஒரு ஓட்டு வீடு, முப்பத்திரண்டு பல்லு. இவ்வளவும் இருந்து கல்யாணம் மட்டும் ஆகல. ஒம்போது வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போயிட்டு வந்தான். ஒம்போது வீட்டுலயும் கேசரி நல்லா இருந்துச்சு. ஒம்போது வீட்டுலயும் கேசரியோட சரி.

கடைசியாப் போன வீட்டுலதான் காரணத்தைச் சொல்லி அனுப்புனாங்க. "மாப்ளையக் கொறை சொல்ல ஒண்ணுமில்ல. பாத்த பார்வைதான் சரியில்ல."

அன்னையில இருந்து சோணமுத்துவுக்குச் சோறு எறங்கல. நம்ம பார்வை எப்படித்தான் இருக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னு கண்ணாடி முன்னாடி போய் நின்னான். பாத்தான். கண்ணாடிக்குள்ள இருந்தவனும் இவனையே பாத்தான். யாரு பார்வையில தப்புன்னு பிடிபடல. அவனைக் கொஞ்ச நேரம் வேற பக்கம் பாக்கச் சொல்லிட்டு நாம பாக்கலாம்னா, அவன் சொன்ன பேச்சு கேக்குறவனா இல்ல.

இந்த நெலமையிலதான் தேவகோட்டையில இருந்து பத்தாவது எடம் வந்துச்சு. பொண்ணு பேரு மரகதம். வயசு இருபத்தொம்போது. ரைஸ் மில்லுல அரிசியோட தரம் பாக்குற வேலை. அப்பா தருமராசன் டைப்பிஸ்ட்டா இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பத்தோரு வருசம் இங்கிலீஷ்லயே டைப் அடிச்சு, விரலுக்குத் தமிழ் மறந்து போச்சுன்னு சொல்லிக்குவாரு. பால்காரருக்கு நாளைக்கு அரை லிட்டர் கூட வேணும்னாலும் இங்கிலீஷ்ல எழுதித்தான் கேட்டுல மாட்டுவாரு. பால்காரருக்குப் படிக்கத் தெரியாதுங்கிறதால வழக்கம்போல ஊத்திட்டுப் போயிருவாரு. வீட்டுல எல்லாரும் காப்பியக் கொறைச்சுக் குடிப்பாங்க. கௌரவம் கொறையாது.

அவரு சோணமுத்து போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்புனாரு. அதுவும் இங்கிலீஷ்தான்.

முத்தலாங்குடியில இங்கிலீஷ்னா வெள்ளைச்சாமிதான். சோணமுத்துவுக்குப் பங்காளி முறை, அண்ணன். சிங்கப்பூருல ஒரு கட்டடத்துக்கு வெளியில தொங்கிக்கிட்டே பதினோரு மாசம் பெயிண்ட் அடிச்சவரு. உள்ள பேசுன இங்கிலீஷ் பூரா சன்னல் வழியா வந்து அவரு காதுல விழுந்திருக்கு. ஆனா சன்னலு முக்காவாசி நேரம் சாத்தியே இருந்துச்சுங்கிறதை அவரு சொல்றதில்ல.

சோணமுத்துவும் அவன் தாய்மாமன் நல்லாண்டியும் போனை எடுத்துக்கிட்டு வெள்ளைச்சாமி வீட்டுக்குப் போனாங்க. வெள்ளைச்சாமி தொண்டையச் செருமிக்கிட்டுப் படிச்சாரு.

"சண்டே டென் ஓ க்ளாக் கம் அண்ட் சீ அவர் டாட்டர். ஆல்ஸோ லுக் அட் அவர் ஹவுஸ். அட் தி கேட் ப்ளீஸ் வாட்ச் தி டாக்."

படிச்சு முடிச்சதும் அவரு மொகம் வெளுத்துப் போச்சு.

"என்னண்ணே, வேண்டாம்னு எழுதியிருக்காரா?"

"ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு வரச் சொல்றாரு. பொண்ணைப் பாக்கணுமாம். வீட்டைப் பாக்கணுமாம். கேட்டுல நாயைப் பாக்கணுமாம்."

"அதுக்கு ஏண்ணே மொகம் இப்படிப் போகுது?"

"பொண்ணுக்கு சீ. வீட்டுக்கு லுக்கு. நாய்க்கு வாட்ச்சு. மூணு எடத்துல மூணு வார்த்தை போட்டிருக்காருடா."

"மூணுக்கும் என்ன அர்த்தம்?"

"பாக்குறது."

"மூணுக்குமா?"

"மூணுக்குந்தான்."

நல்லாண்டி மீசைய ஒரு தடவை தடவி விட்டாரு. அவரு மீசையத் தடவுனா ஊருல ஏதாவது ஒண்ணு உடையப் போகுதுன்னு அர்த்தம்.

"அது எப்படி மூணும் ஒண்ணா இருக்கும்? ஒண்ணுதான்னா அவரு ஒண்ணையே மூணு தடவை எழுதியிருப்பாரு. மாத்தி மாத்திப் போட்டிருக்காருன்னா சும்மாவா? ஆபீஸ்ல இருந்த மனுசன். சட்டம் தெரிஞ்சவரு. நம்ம ஆளுக எல்லாத்தையும் ஒரே பாக்குறதுல பாத்துட்டுக் கெடக்கோம். வேலையும் பாக்குறோம், வைத்தியமும் பாக்குறோம், நேரமும் பாக்குறோம், பொண்ணும் பாக்குறோம். வெள்ளைக்காரன் கண்ணை மூணா வகுந்து வச்சிருக்கான். அதான் அவன் ஆண்டுட்டுப் போனான், நாம பாத்துக்கிட்டே இருந்தோம்."

சோணமுத்துவுக்குத் திக்குன்னு இருந்துச்சு. "மாமா, அப்ப ஒம்போது வீட்டுலயும் நான் தப்பான பாக்குறதையா பாத்துட்டு வந்தேன்?"

வெள்ளைச்சாமி மெசேஜைத் திரும்பவும் மொதல்ல இருந்து படிச்சாரு.

மறுநாளே மூணு பேரும் பஸ் ஏறி மானாமதுரைக்குப் போனாங்க. அங்க ஒரு மாடியில ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குற வாத்தியாரு, சாப்பாட்டுக்குப் போகணும்னு ஷட்டரைப் பாதி எறக்கி வச்சிருந்தாரு. மூணு பேரும் ஷட்டருக்கு அடியில தலைய விட்டு வெவரம் கேட்டாங்க.

"இம்புட்டுதானா?"ன்னாரு வாத்தியாரு. "தானா வந்து கண்ணுல படுறது சீ. நாமளாக் கண்ணைத் திருப்பிப் பாக்குறது லுக்கு. ஒண்ணு நகந்துக்கிட்டே இருக்கு, நாம அதை விடாமப் பாத்துக்கிட்டு இருக்கோம்னா அது வாட்ச்சு. தலைய எடுங்கப்பா, ஷட்டரை எறக்கணும்."

வாத்தியாரு சொன்னது அத்தனையும் சரி. அதுதான் வெனையாப் போச்சு. தப்பாச் சொல்லியிருந்தா இவங்க தற்செயலா ஒழுங்கா நடந்துக்கிட்டிருக்க வாய்ப்பு இருந்துச்சு.

ஊருக்கு வந்ததும் சபை கூடுச்சு. வெள்ளைச்சாமிதான் தலைமை.

"ஆக, பொண்ணு விசயத்துல நமக்குக் குடுத்திருக்கிற அனுமதி சீ மட்டும்தான். பொண்ணு தானா வந்து கண்ணுல படணும். தம்பி கண்ணைத் திருப்புனா அது லுக்கு. லுக்கு வீட்டுக்கு மட்டும்தான். பொண்ணு நடக்கும்போது கண்ணு கூடவே போச்சுன்னா வாட்ச்சு. அது நாய்க்கு."

"பொண்ணை நாய் கணக்காப் பாத்ததா ஆயிரும்" அப்படின்னாரு நல்லாண்டி. "சம்பந்தி மூஞ்சியில முழிக்க முடியாது."

"ஒரு ஆளே மூணையும் பண்ணா கொழம்பிரும். ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்குவோம். சீ மாப்ளைக்கு. வீட்டை நான் லுக்குறேன், கட்டடம் எனக்குப் பழக்கம். நாயை மாமா பாத்துக்கட்டும்."

சோணமுத்துவோட அக்கா சொர்ணவல்லி சேலைய எடுத்து வச்சுக்கிட்டு, "நானும் வர்றேன்டா, பொண்ணு பாக்கப் பொம்பள இல்லாமயா போவீக?"ன்னா.

வெள்ளைச்சாமி வருத்தமாத் தலைய ஆட்டுனாரு. "வார்த்தை மூணுதான் வந்திருக்கு தாயி. மூணுக்கும் ஆளு போட்டாச்சு. நீ வந்தா எதை வச்சுப் பாப்ப? நாலாவது வார்த்தை வந்தா சொல்லி அனுப்புறோம்."

"உங்க மூணு பேரையும் வச்சுப் பாத்தா எனக்கு ஒரே வார்த்தைதான் தோணுது. அது இங்கிலீஷ் இல்ல"ன்னு சொல்லிட்டு அவ சேலைய மடிச்சு உள்ள வச்சுட்டா.

ஆனாலும் தம்பி மேல பாசம் உள்ளவ. ஒத்திகைக்குப் பொண்ணா வந்து நிக்க ஒத்துக்கிட்டா. சோணமுத்துவை நாக்காலியில உக்கார வச்சாங்க. அக்கா ஒரு டம்ளரு தண்ணியோட வந்தா. சோணமுத்து தன்னால தலைய நிமுத்துனான்.

"லுக்கு! லுக்கு!"ன்னு கத்துனாரு நல்லாண்டி. "கருமுழி ரெண்டும் திரும்புச்சு. நான் விடாமப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"மாமா, விடாமப் பாக்குறது நாய்க்குல்ல? என்னைய எப்படி நீங்க பாக்கலாம்?"

நல்லாண்டி தப்பை உணர்ந்து தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. பெரிய மனுசன் பெரிய மனுசன்தான்.

பதினேழு தடவை ஒத்திகை நடந்துச்சு. பதினேழு தடவையும் சோணமுத்துவோட கழுத்து திரும்புச்சு. "மனசு நல்ல மனசு, கழுத்துதான் சபலம்"னு வெள்ளைச்சாமி முடிவுக்கு வந்தாரு. போன வருசம் டிரெய்லர்ல இருந்து விழுந்தப்ப ஆசுபத்திரியில நல்லாண்டிக்கு ஒரு கழுத்துப் பட்டை போட்டு விட்டிருந்தாங்க. அதை எடுத்து சோணமுத்துவுக்கு மாட்டுனாங்க. தலை தேங்கா கணக்கா நேரா நின்னுச்சு. பதினெட்டாவது ஒத்திகையில அக்கா பக்கவாட்டுல வந்து டம்ளரை நீட்டுனா. கழுத்து திரும்பல. அக்காவும் தெரியல, டம்ளரும் தெரியல. மூணு பேரும் கை தட்டுனாங்க.

ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு தேவகோட்டையில போய் எறங்குனாங்க. பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புலயே மாடி வீடு. தருமராசன் வேட்டி சட்டையில கேட்டுக்கு வந்து, "வெல்கம், வெல்கம்"னாரு.

கேட்டுக்குப் பக்கத்துல நாய் படுத்திருந்துச்சு. பேரு மேஜர். வயசு பன்னெண்டு. பொங்கலுக்கு அப்புறம் அது எந்திரிச்சதா யாரும் சொல்ல முடியாது. நல்லாண்டி துண்டை ஒதறி இடுப்புல கட்டிக்கிட்டு அது முன்னாடி குத்தவச்சு உக்காந்துட்டாரு.

"உள்ள வாங்க சம்பந்தி."

"நீங்க அவுகளைக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு டூட்டி இருக்கு."

"என்ன டூட்டி?"

"நீங்க குடுத்ததுதான்."

தருமராசனுக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா டூட்டிங்கிறது இங்கிலீஷ் வார்த்தையா இருந்ததால மரியாதையா ஒதுங்கிக்கிட்டாரு.

ஹால்ல சோணமுத்துவை சோபாவுல உக்கார வச்சாங்க. பொண்ணோட அம்மா பஜ்ஜித் தட்டோட வந்தவங்க கழுத்தைப் பாத்துட்டுப் பதறிட்டாங்க. "தம்பிக்குக் கழுத்துல என்ன?"

"கழுத்துக்கு ஒண்ணுமில்லம்மா"ன்னாரு வெள்ளைச்சாமி. "ஒழுக்கத்துக்குப் போட்டிருக்கோம்."

சோணமுத்துவுக்கு எதுத்தாப்புல சுவத்துல நாள் காலண்டர் தொங்குச்சு. கண்ணை அதுல நட்டு வச்சான். ராகு காலம் நாலரை டு ஆறு. மேஷத்துக்கு லாபம், ரிஷபத்துக்குத் தடை. பன்னெண்டு ராசியும் படிச்சு முடிச்சுட்டுத் திரும்பியும் மேஷத்துல இருந்து ஆரம்பிச்சான். பொண்ணு நமக்கும் காலண்டருக்கும் நடுவுல வந்து நின்னாத்தான் உண்டு. வரணும்னு நெனைக்கலாமா? நெனச்சா அது பாக்குறதுக்குத் தயாராகுறது. தயாரானா அது லுக்குல சேந்திருமேன்னு நெனைப்பையும் அடக்கிக்கிட்டான்.

மரகதம் வந்தா. வலது பக்கமா வந்து, சோபாவுக்குப் பின்னாடி சுத்தி, இடது பக்கமாப் போய் நின்னா. கொலுசுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. காதுக்கு வெள்ளைக்காரன் என்ன சட்டம் போட்டிருக்கான்னு யாரும் விசாரிக்கல. அதனால சோணமுத்து காதை மட்டும் தாராளமா விட்டான்.

"காப்பி எடுத்துக்கங்க"ன்னா அவ.

கண்ணோட கீழ்க் கோடியில ஒரு கை வந்து நின்னுச்சு. மூணு கண்ணாடி வளையல். சுண்டு விரல் ஓரத்துல பழைய தீக்காயத் தழும்பு. தானா வந்து பட்டது, தப்பில்ல. அந்தக் கைக்கு மேல இருக்கிற மிச்சத்தையும் பாக்கணும்னு கழுத்து துடிச்சுச்சு. பட்டை விடல. டம்ளரை வாங்குனான். குனிய முடியாது, டம்ளரு எங்க இருக்குன்னு பாக்கவும் கூடாது. ஒரு குத்துமதிப்பா வாயைத் தேடிச் சாச்சான். காப்பி பூரா சட்டைப் பைக்குள்ள எறங்குச்சு.

"நல்லா இருக்குங்க"ன்னு காலண்டர்கிட்ட சொன்னான்.

அந்த நேரம் வெள்ளைச்சாமி வீட்டை லுக்கிக்கிட்டு இருந்தாரு. நாமளாக் கண்ணைத் திருப்பிப் பாக்கணும்னு வாத்தியாரு சொல்லியிருக்காரு, அதனால ஒரு எடம் விடல. கட்டிலுக்கு அடியில படுத்துப் பாத்தாரு. பீரோவைத் தெறந்து பாத்தாரு. பாத்ரூம் கதவைத் தெறந்தாரு, உள்ள இருந்த பக்கத்து வீட்டு அத்தை போட்ட சத்தத்துல மூடுனாரு. அடுப்பங்கரையும் வீட்டுல சேந்ததுதானேன்னு கொழம்புச் சட்டி மூடிய எடுத்து உள்ள எட்டிப் பாத்தாரு. ஹாலுக்குத் திரும்பி வந்தா இடது பக்கச் சுவரு பாக்காம பாக்கி நிக்குது. அதுக்கு முன்னாடி மரகதம் நிக்கிறா.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, சுவரு மறைக்குது"ன்னாரு.

மரகதத்தோட அம்மா புருசன் காதுல, "ஏங்க, இவுக பொண்ணு பாக்க வந்தாகளா, திருட எடம் பாக்க வந்தாகளா?"ன்னாங்க.

"வெயிட்"னாரு தருமராசன்.

வெயிட் பண்ணி முடிக்கிறதுக்குள்ள கேட்டுல சத்தம் கேட்டுச்சு. கறிக்கடைக்காரரு லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்னாரு.

"சார், உங்க மேஜரு வந்து கடையில தொங்குன நெஞ்செலும்பை இழுத்துப் போட்டுத் திங்குது. கூட ஒரு பெரியவரு நின்னு வச்ச கண்ணு வாங்காமப் பாத்துக்கிட்டு இருக்காரு. வெரட்டி விடுய்யான்னா, அது எனக்குச் சொல்லல, எனக்குப் பாக்க மட்டும்தான் உத்தரவுங்கிறாரு. யாரு சார் அந்த ஆளு?"

நடந்தது இதுதான். வாத்தியாரு சொன்ன கணக்குப்படி நகர்றதைத்தான் வாட்ச் பண்ண முடியும். மேஜரு நகரல. படுத்துக் கெடக்கிற நாயைப் பாத்தா அது என்ன பாக்குறதுன்னு தெரியாம நல்லாண்டி தவிச்சுப் போயிட்டாரு. சம்பந்தி வேலைய அரைகுறையாப் பண்ண அவருக்கு மனசு வரல. கேட்டுக்கே தனக்கு வந்த பஜ்ஜிகள நாய் மூக்குக்கு முன்னாடி ஒண்ணொண்ணாத் தள்ளித் தள்ளி வச்சாரு. எட்டாவது பஜ்ஜிக்கு நாய் எந்திரிச்சுச்சு. அப்புறம் அது நகந்துச்சு, அவரும் பின்னாடியே போனாரு. நெடுநாள் கழிச்சு எந்திரிச்ச நாயி நாலு தெருவைச் சுத்திப் பாத்துட்டுக் கறிக்கடைக்குப் போயிருச்சு.

கறிக்கடைக்காரரைச் சமாதானப்படுத்தி அனுப்பி, நாயி தானா வீடு திரும்பி, அது பின்னாடியே நல்லாண்டியும் வந்து சேந்த பிறகு, தருமராசன் ஹால் நடுவுல நின்னு கேட்டாரு.

"டெல் மீ. பொண்ணைப் பாத்தாச்சு. பிடிச்சிருக்கா, இல்லையா?"

மூணு பேரும் அங்கயே தலைய ஒண்ணாச் சேத்துக்கிட்டு ஆலோசனை பண்ணாங்க. மெதுவாப் பேசுறதா நெனச்சுக்கிட்டுத்தான் பேசுனாங்க.

"தம்பி, பட்டுச்சா?"

"ஒரு கை மட்டும் பட்டுச்சுண்ணே. மிச்சம் படல."

"நீங்க பாத்தீகளாண்ணே?"ன்னு சோணமுத்துவே திருப்பிக் கேட்டான்.

"எனக்கு வீடுதான்டா. அந்தப் பிள்ளை நின்ன எடத்துல சுவத்துல வெடிப்பு இருக்கு. அதைத் தவிர நான் வேற எதையும் பாக்கல, சத்தியமா."

"மாமா?"

"நாயி நல்ல நாயி. பொண்ணு எனக்குத் தெரியாது."

"அப்ப யாருமே பாக்கல. இன்னொரு தடவை நடக்கச் சொன்னா?"

"நடந்தா வாட்ச்சு ஆயிரும்டா."

"நிக்கச் சொல்லி நான் திரும்புனா?"

"லுக்கு. பத்தாவது எடமும் போகணுமா ஒனக்கு?"

சோணமுத்துவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஒரு கைக்கே மனசு இப்படி ஆகுது, இதையும் விட்டா இனி எந்த வீட்டுக்குப் போய் எந்தக் கையப் பாக்குறது? நல்லாண்டி மருமகன் மொகத்தைப் பாத்தாரு. மீசையத் தடவுனாரு. முன்னாடி வந்து தருமராசனைக் கும்புட்டாரு.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க வீட்டுல பொண்ணைப் பாத்தவுக யாரும் இருக்காகளா?"

"வாட்?"

"நீங்க பாத்திருக்கீகளா?"

"என் மகளை நான் பாக்காமயா இருப்பேன்? இருபத்தொம்போது வருசமாப் பாக்குறேன்!"

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்காம?"

"அப்புறம் என்ன, முடிஞ்சு போச்சு. இருபத்தொம்போது வருசம் பாத்தவுகளுக்கே பிடிச்சிருக்கு. நாங்க ஒரு மணி நேரம் பாத்து என்ன புதுசாச் சொல்லப் போறோம்?"

தருமராசனுக்கு முப்பத்தோரு வருச சர்வீஸ்ல முதல் தடவையா இங்கிலீஷ் வரல. தமிழும் வரல. மரகதம்தான் பேசுனா.

"அப்பா, நான் அவுககூடத் தனியா ரெண்டு வார்த்தை பேசணும்."

கொல்லையில துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல சோணமுத்து சுவத்தைப் பாத்து நின்னான். அவ பின்னாடி நின்னா.

"அந்தப் பட்டையக் கழட்டலாமா?"

"கழட்டுனா திரும்பிருமுங்க."

"திரும்புனா என்ன?"

"தப்பாப் போயிரும்"னுட்டு அவன் எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டான். ஒம்போது வீடு, சரியில்லாத பார்வை, மெசேஜ், ஷட்டரு, வாத்தியாரு சொன்ன மூணு சட்டம். பின்னாடி இருந்து க்ளுக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு.

"இருமலாங்க?"

"ஆமா, இருமல்"னா மரகதம். கொஞ்ச நேரம் இருமிட்டுச் சொன்னா. "நான் ரைஸ் மில்லுல பெல்ட்டு மேல ஓடுற அரிசியில கல்லு, கருப்பு, நொய்யி இருக்கான்னு நாள் பூரா பாக்குறவ. இதுவரைக்கும் பதினோரு பேரு என்னையப் பாக்க வந்திருக்காக. அந்த அரிசியப் பாக்குற மாதிரியே பாத்தாக. ஒருத்தரு பல்லை எண்ணுனாரு. ஒருத்தரோட அம்மா, முடி சொந்த முடியான்னு இழுத்துப் பாத்தாக. ஒருத்தரு சன்னலுகிட்ட வெளிச்சத்துல போய் நிக்கச் சொன்னாரு. நான் அரிசியக்கூட அப்படி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாக்குறதில்ல."

"அது பூரா லுக்குங்க"ன்னான் சோணமுத்து, ஆத்திரமா. "அனுமதி இல்லாமப் பாத்திருக்காக."

"நீங்க என்ன பாத்தீக?"

"கை மட்டும் பட்டுச்சு. ரெண்டு நிமிசம்கூட இருக்காது."

"கை எப்படி?"

"தீக்காயத் தழும்பு இருந்துச்சு. அன்னைக்கு வலிச்சிருக்கும்னு நெனச்சேன்."

மரகதம் இருமல. அவ போயிட்டாளோன்னு சோணமுத்து பயந்துட்டான். திரும்பிப் பாக்கவும் வழியில்ல.

"நான் உங்களைப் பாத்தேன்"னா அவ.

"எந்தப் பாக்குறதுங்க?"

"பஸ்ஸை விட்டு எறங்குனதுல இருந்து மாடியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் சட்டைப் பையில காப்பிய ஊத்துனது வரைக்கும் பாத்தேன்."

"ஐயையோ, அது நாய்க்குப் போட்டதாச்சேங்க."

மறுபடியும் அந்த இருமல் வந்துச்சு. இந்தத் தடவை ரொம்ப நேரம் நிக்கல.

"எனக்குச் சம்மதம். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். கல்யாணத்தன்னைக்காவது என்னையப் பாப்பீகளா?"

"உங்க அப்பா எழுதி அனுப்புனா கட்டாயம் பாப்பேங்க. எந்த வார்த்தைன்னு மட்டும் தெளிவா எழுதச் சொல்லுங்க."

உள்ள போனதும் அவ அம்மா அவளை அடுப்பங்கரைக்குள்ள இழுத்துட்டுப் போய், "ஏடி, ஒனக்கு அறிவிருக்கா? மூணும் முட்டாப் பயலுகடி"ன்னாங்க.

"தெரியும்மா. இதுவரைக்கும் வந்தவுகள்ல இவுக மட்டுந்தான் அதை மறைக்கல"ன்னா மரகதம்.

ஆவணியில முகூர்த்தம்னு முடிவாச்சு. தருமராசன் மூணு பேரையும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து ஏத்தி விட்டாரு. வண்டி கெளம்பி ரெண்டு ஊரு தாண்டுற வரைக்கும் மூணு பேரும் சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. மூணாவது ஊருல வெள்ளைச்சாமி சிரிப்பை நிறுத்துனாரு.

"தம்பி, ஒரு சிக்கல் இருக்குடா. கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல எரநூறு பொம்பளைக இருப்பாக. நம்ம மூணு பேருல ஒருத்தரும் பொண்ணைப் பாக்கல. எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

சோணமுத்து சீட்டை விட்டு எந்திரிச்சுட்டான். "மாமா, என்ன மாமா பண்றது?"

நல்லாண்டி அடுத்த ஊரு வர்ற வரைக்கும் யோசிச்சாரு. அப்புறம் மொகம் தெளிஞ்சுச்சு.

"இது ஒரு சிக்கலாடா? யாரு கழுத்துல புதுத் தாலி தொங்குதோ அவதான் பொண்ணு."

"தாலிய நான்தானே மாமா கட்டணும்? நான் கட்டுனாத்தானே தொங்கும்?"

"ஆமாடா. அதனால நீ மொதல்ல கட்டிரு. யாரு கழுத்துல கட்டுனோம்னு பெறகு நிதானமாத் தேடிக்கிருவோம்."